வேலை செய்தும் தேயாத உலோகங்கள்!



ஓடி விளையாடும்போது கீழே விழுந்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறீர்களா? நர்ஸ் அக்கா ஒரு பாட்டிலில் இருந்து தண்ணீர் போன்ற மருந்தைக் காயத்தின் மீது ஊற்றுவார். உடனே 'புஸ்ஸ்' என்று வெள்ளை நுரை பொங்கும். நீங்களும் 'ஆ!' என்று கத்துவீர்கள்!

அந்த மருந்தின் பெயர் ஹைட்ரஜன் பெராக்சைடு. பாட்டிலுக்குள் இருந்தவரை அது பரம சாது. காயத்தில் பட்டதும் மட்டும் ஏன் பொங்குகிறது?

நம் இரத்தத்திலும் உடல் செல்களிலும் 'கேட்டலேஸ்' என்று ஒரு நொதி இருக்கிறது. அதன் நடுவில் இருப்பவர் யார் தெரியுமா? நம் இரும்பு! ஆம், ஆணியிலும் அரிவாளிலும் இருக்கிற அதே இரும்பின் அணுதான். இந்த நொதி, பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிடுகிறது. நுரைக்குள் இருப்பது ஆக்ஸிஜன்தான்.

இதில் ஒரு அதிசயம் உண்டு. பெராக்சைடு காலியாகிவிடும். ஆனால் பிரித்துக்கொடுத்த நொதி காலியாவதில்லை! ஒரு வேலையை முடித்ததும் அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும்.

இப்படி, ஒரு வேதிவினையை வேகப்படுத்திவிட்டு, தான் செலவாகாமல் அப்படியே இருக்கும் பொருளுக்கு 'வினையூக்கி' என்று பெயர். வினையை ஊக்குவிப்பதால் வினையூக்கி. பொருத்தமான பெயர்தானே?

வினையூக்கிகளில் பல, உலோகங்கள். நீங்கள் பள்ளிக்குப் போகும் பஸ்ஸின் புகை குறைந்ததற்கும் அவைதான் காரணம். நாளைக்குத் தண்ணீரில் இருந்து மலிவாக எரிபொருள் கிடைக்குமா, கிடைக்காதா என்பதும் அவற்றின் கையில்தான் இருக்கிறது. வாருங்கள், அந்த உலோகங்களைச் சந்திப்போம்.

மலை ஏறாமல் மலையைக் கடக்கலாம்!

கோயம்புத்தூரில் இருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனால், நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. இவ்வளவு பெரிய மலையை ரயில் எப்படிக் கடக்கிறது? மலை உச்சிக்கு ஏறி இறங்குவதில்லை. பாலக்காட்டுக் கணவாய் என்ற தாழ்வான இடைவெளி வழியாகச் சுலபமாகப் போய்விடுகிறது.

வேதிவினைகளுக்கும் இதுபோல ஒரு மலை உண்டு. இரண்டு பொருள்கள் சேர்ந்து புதுப்பொருள் ஆக வேண்டுமானால், முதலில் அவற்றின் பழைய பிணைப்புகள் தளர வேண்டும். அதற்கு ஆற்றல் தேவை. அந்த ஆற்றல்தான் மலை. வெறும் வெப்பத்தால் மட்டும் அந்த மலையைக் கடக்க வேண்டுமானால் அடுப்பை மிகவும் எரிக்க வேண்டியிருக்கும். எரிபொருள் வீண்!

வினையூக்கி என்ன செய்கிறது? மலையை உடைப்பதில்லை. 'இந்தப் பக்கம் ஒரு கணவாய் இருக்கிறது, வாருங்கள்' என்று வேறு வழி காட்டுகிறது. உலோகத்தின் மேற்பரப்பில் வாயு மூலக்கூறுகள் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அவற்றின் பிணைப்பு தளரும். பக்கத்தில் இருக்கும் அணுவோடு கைகோத்துக்கொண்டு, புதிய மூலக்கூறாகக் கிளம்பிவிடும். இடம் காலியானதும் அடுத்த ஆள் வந்து ஒட்டும்.

எல்லாமே மேற்பரப்பில்தான் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். கற்கண்டுக் கட்டியைத் தண்ணீரில் போட்டால் மெல்லக் கரையும். பொடித்துப் போட்டால் உடனே கரையும். ஏன்? பொடித்ததும் தண்ணீர் படும் பரப்பு அதிகமாகிறது. அதனால்தான் வினையூக்கி உலோகத்தையும் கட்டியாக வைக்காமல், நுண்ணிய துகள்களாகவே பயன்படுத்துகிறார்கள்.

செய்து பாருங்கள்

ஆசிரியரையோ, வீட்டில் பெரியவர்களையோ பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். பெராக்சைடை அவர்களே ஊற்றட்டும். கண்ணில், வாயில் படக்கூடாது.

இரண்டு கண்ணாடி டம்ளர்களில், மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் ஊற்றி, அதே அளவு தண்ணீர் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டைப் போடுங்கள். மற்றொன்றில் வேகவைத்து ஆறிய துண்டைப் போடுங்கள். பச்சைத் துண்டைச் சுற்றி நுரை வரும். வெந்த துண்டு சும்மா இருக்கும்! உருளைக்கிழங்கிலும் கேட்டலேஸ் உண்டு. வேகவைத்ததும் அந்த நொதி கெட்டுவிடுகிறது. முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கையை நன்றாகக் கழுவுங்கள். அந்தக் கிழங்கைத் தின்றுவிடாதீர்கள்!

தீக்குச்சிக்கு முந்திய விளக்கு

உயர்நிலை வகுப்பில் படிப்பவர்களுக்கு 'டாபர்னீரின் மும்மை விதி' நினைவிருக்கும். மூன்று மூன்றாகத் தனிமங்களை அடுக்கிக் காட்டினாரே, அந்த ஜெர்மானிய விஞ்ஞானிதான் டாபர்னீர். அவருடைய அப்பா குதிரை வண்டி ஓட்டியவர். டாபர்னீர் அதிகம் பள்ளிக்குப் போகவில்லை. மருந்துக் கடையில் வேலை பழகிக்கொண்டே படித்தார். 1810-இல் ஜெனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்!

1823-ஆம் ஆண்டு அவர் ஒரு வேடிக்கையைக் கண்டார். பஞ்சு போல நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின் மீது ஹைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சினார். நெருப்பே இல்லாமல் பிளாட்டினம் பழுத்தது. ஹைட்ரஜன் குப்பென்று தீப்பற்றியது! காற்றில் உள்ள ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் பிளாட்டினத்தின் மேல் வேகமாகச் சேர்ந்ததால் வந்த வெப்பம் அது.

உடனே இதை ஒரு விளக்காகச் செய்தார். ஜாடிக்குள் துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் உண்டாகும். குழாயைத் திறந்தால் அந்த வாயு பிளாட்டினத்தில் பட்டு எரியும். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்ததே 1827-இல்தான். அதற்கு முன்பே இந்த விளக்கு வந்துவிட்டது. ஐரோப்பாவில் பல வீடுகளில் இதை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இதுபோன்ற பல வினைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, 1835-இல் 'வினையூக்கம்' என்று பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டு விஞ்ஞானி பெர்சீலியஸ். நாம் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு போடுகிறோமே, அந்த முறையைக் கொண்டுவந்தவரும் இவரே.

சிக்கனம் ஜெயித்த கதை

பூமிக்கு அடியில் இருந்து எடுக்கும் கச்சா எண்ணெய் கறுப்பாக, குழம்பு போல இருக்கும். அதை அப்படியே வண்டியில் ஊற்ற முடியாது. சுத்திகரிப்பு ஆலையில் காய்ச்சி, பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் என்று பிரிக்கிறார்கள். நம் சென்னை மணலியில்கூட அப்படி ஒரு ஆலை இருக்கிறது.

ஆனால் காய்ச்சிப் பிரித்ததும் கிடைக்கும் பெட்ரோல் அவ்வளவு நல்லதல்ல. இயந்திரத்துக்குள் நேரம் தவறி வெடித்து 'டக் டக்' என்று தட்டும். இதைத் தடுக்க, 1920-களில் இருந்து பெட்ரோலில் ஈயம் கலந்த பொருளைச் சேர்த்தார்கள். தட்டும் சத்தம் நின்றது. ஆனால் ஈயம் புகையோடு காற்றில் கலந்தது. ஈயம் நஞ்சு. அதிலும் உங்களைப் போன்ற குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது அதிகம் கெடுக்கும்.

ஈயம் இல்லாமலே நல்ல பெட்ரோல் செய்ய வழி உண்டா? அமெரிக்காவில் வேலை பார்த்த விளாதிமிர் ஹேன்சல் என்ற வேதிப்பொறியாளருக்குப் பிளாட்டினத்தின் நினைவு வந்தது. நீளச் சங்கிலி போன்ற பெட்ரோல் மூலக்கூறுகளைப் பிளாட்டினம் வளையங்களாகவும் கிளைகளாகவும் மாற்றிவிடும். அப்படி மாறிய பெட்ரோல் தட்டாமல் எரியும்.

'பிளாட்டினமா? பெட்ரோல் செய்ய இவ்வளவு விலை உயர்ந்த உலோகமா?' என்று பலரும் தயங்கினார்கள். ஹேன்சல் விடவில்லை. வினை மேற்பரப்பில்தானே நடக்கிறது? உள்ளே மறைந்திருக்கும் பிளாட்டினம் வீண்தானே? எனவே நுண்துளைகள் நிறைந்த அலுமினா மணிகளின் மேல், மிக மிகக் குறைவாகப் பிளாட்டினத்தைத் தூவினார். மணியின் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! அதுவே போதுமானதாக இருந்தது. 1949-இல் இந்த முறை ஆலைக்கு வந்தது. இன்றும் உலகம் முழுவதும் பெட்ரோல் தயாரிப்பில் பயன்படுகிறது. இதில் ஒரு இனாமும் கிடைத்தது. மூலக்கூறுகள் மாறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவந்தது. அது எதற்குப் பயன்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஈயம் கலந்த பெட்ரோலுக்கு முழுதாக விடை கொடுத்துவிட்டோம்.

எழுந்து போகாத விருந்தாளி

வினையூக்கி தேயாது என்றேன். ஆனால் அதற்கும் ஒரு எதிரி உண்டு.

நாற்காலியைச் சுற்றி ஓடும் விளையாட்டு உங்களுக்குத் தெரியும். பாட்டு நின்றால் உட்கார வேண்டும். மறுபடி பாட்டு வந்தால் எழுந்து ஓட வேண்டும். ஒருவன் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, 'எழவே மாட்டேன்' என்றால் விளையாட்டு என்னவாகும்?

பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஈயமும் கந்தகமும் அதைத்தான் செய்கின்றன. வந்து ஒட்டினால் எழுவதில்லை. மற்ற மூலக்கூறுகளுக்கு இடம் கிடைக்காது. வினையூக்கி வேலையை நிறுத்திவிடும். இதை 'வினையூக்கி நச்சு' என்பார்கள்.

இன்றைய கார், மோட்டார் சைக்கிள்களின் புகைக்குழாயில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை மாற்றிவிடுவது இவற்றின் வேலை. ஈயமும் கந்தகமும் உள்ள எரிபொருளை ஊற்றினால் இந்தப் பெட்டி கெட்டுவிடும். ஈயம் போய்விட்டது. மீதி இருப்பது கந்தகம்.

கந்தகத்தை விரட்டும் ஜோடி

கச்சா எண்ணெயில் கந்தகம் இயற்கையாகவே இருக்கிறது. எரியும்போது கந்தக டை ஆக்சைடு ஆகி, நுரையீரலை எரிச்சலூட்டும். மழையோடு கலந்து அமில மழையாகவும் பெய்யும்.

இதை எண்ணெயில் இருந்து விரட்டும் வேலையைச் செய்வது மாலிப்டினம் சல்பைடு. துணைக்குக் கொஞ்சம் கோபால்ட் அல்லது நிக்கல். சுமார் 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எண்ணெயையும் ஹைட்ரஜனையும் இந்த வினையூக்கியின் வழியாக அனுப்புவார்கள். ஹேன்சலின் முறையில் இனாமாகக் கிடைத்த ஹைட்ரஜன் இங்கேதான் கைகொடுத்தது! ஹைட்ரஜன், கந்தகத்தை இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. அதில் இருந்தும் மஞ்சள் கந்தகத்தைத் தனியாகப் பிரித்து, உரம் போன்றவை செய்யப் பயன்படுத்துகிறார்கள்.

எவ்வளவு தூரம் விரட்டியிருக்கிறார்கள் தெரியுமா? 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் 'பி.எஸ்.-6' என்ற தரம் வந்தது. அதன்படி 1,000 கிலோ பெட்ரோலிலோ டீசலிலோ 10 கிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. இதற்கு முந்தைய பி.எஸ்.-4 தரத்தில் 50 கிராம் வரை அனுமதித்தார்கள்.

புகை விடாத எரிபொருள், புகையோடு பிறக்கிறது!

கந்தகத்தை விரட்ட இப்போது நிறைய ஹைட்ரஜன் தேவைப்படுகிறது. உரம் செய்யவும் தேவை. இனாமாகக் கிடைப்பது போதாது. மீதி எங்கிருந்து வருகிறது?

இயற்கை வாயுவையும் நீராவியையும் 800 டிகிரிக்கும் மேல் சூடாக்கி, நிக்கல் வினையூக்கியின் மேல் அனுப்புகிறார்கள். ஹைட்ரஜன் பிரிந்து வருகிறது. ஆனால் கூடவே கரியமில வாயுவும் வருகிறது. 1 கிலோ ஹைட்ரஜன் செய்தால் 9 கிலோவுக்கும் மேல் கரியமில வாயு! பூமியைச் சூடாக்கும் வாயு அல்லவா அது?

ஹைட்ரஜன் மிக நல்ல எரிபொருள். பயன்படுத்தியதும் தண்ணீராகிவிடும். 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் நம் நாட்டின் முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி வெற்றிகரமாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆனால் பிறக்கும்போதே இவ்வளவு கரியமில வாயுவை விட்டால், அதைச் சுத்தமான எரிபொருள் என்று எப்படிச் சொல்வது?

வேறு வழி, தண்ணீர். மின்சாரத்தைச் செலுத்தினால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். இதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர். 1800-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மின்சாரம் சூரிய ஒளியில் இருந்தோ, காற்றாலையில் இருந்தோ வந்தால் புகையே இல்லை. அப்படிச் செய்வதைத்தான் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் செய்ய வேண்டும் என்று 2023-இல் நம் நாடு ஒரு திட்டம் தொடங்கியது.

பிறகென்ன தடை? செலவுதான். மின்சாரத்துக்கு நிறையச் செலவாகிறது. கருவிக்கும் ஆகிறது. ஒரு வகைக் கருவியில் ஹைட்ரஜன் வரும் பக்கத்துக்குப் பிளாட்டினமும், ஆக்ஸிஜன் வரும் பக்கத்துக்கு இரிடியமும் தேவை. உலகம் முழுவதும் ஒரு ஆண்டில் கிடைக்கும் இரிடியம் 7, 8 டன்தான். ஒரே லாரியில் ஏற்றிவிடலாம்! தங்கமோ ஆண்டுக்கு 3,000 டன்னுக்கு மேல் தோண்டப்படுகிறது. இன்னொரு வகைக் கருவியில் நிக்கலே போதும். ஆனால் வெயிலும் காற்றும் போல மின்சாரம் ஏறி இறங்கும்போது, முதல் வகைதான் சட்டென்று ஈடுகொடுக்கிறது.

உங்களுக்குத் தெரியுமா?

இரிடியம் பூமியின் மேற்பகுதியில் மிக அரிது, விண்கற்களில் அதிகம். 1980-இல் லூயிஸ் ஆல்வாரெஸ், அவர் மகன் வால்டர் ஆல்வாரெஸ் ஆகியோர், பழைய பாறைகளுக்கு இடையே இரிடியம் அதிகமுள்ள மெல்லிய களிமண் அடுக்கைக் கண்டு வியந்தார்கள். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மாபெரும் விண்கல் மோதியதாலேயே டைனோசர்கள் அழிந்தன என்ற முடிவுக்கு அதுதான் வழிகாட்டியது.

உளுந்துச் செடி காட்டிய வழி

அரிய உலோகம் இல்லாமல் வேலை நடக்காதா? இயற்கையைக் கேட்டால் 'நடக்கும்' என்கிறது. சில பாக்டீரியாக்கள் இரும்பும் நிக்கலும் உள்ள நொதிகளைக் கொண்டே ஹைட்ரஜன் செய்கின்றன. உளுந்து, நிலக்கடலைச் செடிகளைப் பிடுங்கினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்குகின்றன. அந்த நொதியில் இருப்பவை இரும்பும் மாலிப்டினமும் கந்தகமும். அந்த வேலையின்போது ஹைட்ரஜனும் வெளிவரும்.

டென்மார்க்கில் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழுவினர் 2005-இல் கணக்கிட்டுப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். மாலிப்டினம் சல்பைடின் ஓரத்தில் உள்ள அணுக்களின் அமைப்பு, அந்த நொதியை ஒத்திருந்தது! ஆம், சுத்திகரிப்பு ஆலையில் கந்தகத்தை விரட்டும் அதே மாலிப்டினம் சல்பைடுதான். அது ஹைட்ரஜனையும் உண்டாக்குமா என்று சோதித்தார்கள். உண்டாக்கியது!

உங்கள் பாடப்புத்தகத்தைக் கையில் எடுங்கள். மாலிப்டினம் சல்பைடும் இப்படித் தாள் தாளாகத்தான் அடுக்கப்பட்டிருக்கும். வேலை நடப்பது தாளின் பரப்பிலா, ஓரத்திலா? 2007-இல் இப் சோர்க்கெண்டார்ஃப் குழுவினர் அளந்து சொன்னார்கள்: ஓரத்தில்தான்! ஆகவே, ஓரங்கள் நிறைய வெளியே தெரியும்படி அதை எப்படிச் செய்வது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் முயன்றுவருகிறார்கள். பிளாட்டினத்தின் வேகம் அதற்கு இன்னும் வரவில்லை. ஆக்ஸிஜன் பக்கத்தில் அமிலத்தைத் தாங்கி, இரிடியத்தைப் போல நீண்ட காலம் உழைக்கும் மலிவான உலோகமும் இன்னும் கிடைக்கவில்லை.

கிடைத்தால், அதைக் கண்டுபிடிப்பவர் உங்களில் ஒருவராக இருக்கட்டுமே! தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். 'இந்த உலோகத்தால் என்ன முடியும்?' என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

யோசித்துப் பாருங்கள்

1. ஹேன்சல் பிளாட்டினத்தை மணிகளின் மேல் தூவியதற்கும், கற்கண்டைப் பொடிப்பதற்கும் என்ன ஒற்றுமை?

2. பெட்ரோலில் கந்தகம் குறைந்தால், வண்டியின் புகைக்குழாய்ப் பெட்டி ஏன் நீண்ட நாள் உழைக்கிறது?

3. ஹைட்ரஜன் ரயில் புகை விடுவதில்லை. ஆனாலும் அதன் ஹைட்ரஜன் எப்படிச் செய்யப்பட்டது என்று நாம் ஏன் கேட்க வேண்டும்?